கட்டத்துள் எழுத்து: சொல்விளையாட்டுக் குறுக்கெழுத்தும் தமிழ் இலக்கணமும்



ஒரு குறிப்பிலிருந்து தொடங்குவோம். 'ஊசி பிடித்தவருக்கு இடும் கட்டளை, அடுத்து ஒரு விண்மீன்: தண்ணீர்மலை நிறையும் (5)'. அடைப்புக்குள் உள்ள எண், விடையின் எழுத்துத் தொகை. பினாங்கில் வாழ்வோர்க்கு விடை உடனே தோன்றும். ஊசி பிடித்தவரை நோக்கித் 'தை' என்கிறோம், விண்மீன் பூசம். இரண்டையும் சேர்த்துக் கட்டத்தில் எழுதும் மாணவன் தை, பூ, ச, ம் என நான்கு எழுத்தோடு நின்றுவிடுவான். ஐந்தாம் கட்டம் வெறுமையாக அவனைப் பார்க்கும். அந்தக் கட்டத்துக்கு உரியது பகர ஒற்று. வல்லினம் மிகும் இடங்களை அட்டவணையாக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் மாணவனுக்கு, ஒற்று என்பது ஓர் எழுத்து, அதற்கும் ஓர் இடம் வேண்டும் என்பதை அந்த வெற்றுக் கட்டம் சொல்லிவிடுகிறது.

இன்னும் நுட்பமாகப் பார்த்தால் வேறொன்றும் புலப்படும். குறிப்பில் 'தை' ஏவல் வினை. ஏவல் வினையின்பின் வல்லினம் மிகுவது இன்றைய வழக்கன்று. 'தை பட்டை' என்போமேயன்றித் 'தைப் பட்டை' என்னோம். விடையிலோ 'தை' மாதப் பெயர். ஆதலின் ஒற்று மிகுந்தது. குறிப்பின் இலக்கணம் ஒன்று, விடையின் இலக்கணம் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவே இவ்வகைப் புதிரின் சுவை. மொழியியல் மேடையில் குறுக்கெழுத்தைப் பொருளாக எடுத்துக்கொண்டதற்குக் காரணமும் அதுவே.

நம் நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் பெரும்பான்மையாக வருவன சொற்பொருள் கேட்கும் புதிர்கள். 'அரசன், வேறு சொல்' என்று கேட்டால் வேந்தன், மன்னன், கோமகன் என்று எழுத்தெண்ணிப் பொருத்துகிறோம். அவற்றைக் குறைகூற வரவில்லை; சொல்வளத்துக்கு அவை நல்ல பயிற்சி. நாம் பேச வந்தது சொல்விளையாட்டுக் குறிப்புகளால் ஆன புதிரை. அத்தகைய குறிப்பில் இரு பகுதிகள் உண்டு. ஒன்று விடையின் பொருளை நேராகவோ மறைவாகவோ சுட்டும். மற்றொன்று விடையின் எழுத்துகளைக் கட்டித் தரும். இரண்டும் ஒரே சொல்லில் வந்து கூடவேண்டும். இவற்றுக்கு அப்பால் ஒரு சொல்லும் மிகையாக நிற்றலாகாது. ஆங்கிலத்தில் இந்த ஒழுங்கைச் 'சிமெனிஸ்' என்ற புனைபெயரில் புதிர் அமைத்த மெக்நட் என்பார் 1966இல் நூலாகவே எழுதி நிலைநிறுத்தினார். குறுக்கெழுத்தின் பிறப்பு அதற்கும் முந்தியது: 1913 டிசம்பர் 21 அன்று ஆர்தர் வின் 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழில் வெளியிட்ட சாய்சதுரக் கட்டமே முதலாவது என்பர். தமிழில் சொல்விளையாட்டுக் குறிப்புகளைத் தொடர்ந்து எழுதிக் காட்டியோருள் வாஞ்சிநாதன் குறிப்பிடத்தக்கவர். அமெரிக்காவிலிருந்து 2000ஆம் ஆண்டு முதல் வெளிவரும் 'தென்றல்' மாத இதழில் அவர் அமைத்த புதிர்கள் வந்தன. தமிழகத்துக்கு வெளியே, கடல்கடந்த தமிழர் நடத்தும் இதழ் ஒன்றில் இக்கலை வேர்கொண்டதை இங்குள்ளோர் கருதிப் பார்க்கவேண்டும்.

தமிழில் குறுக்கெழுத்துக்கு ஒரு பழைய பழியும் உண்டு. 1930களில் 'ஆனந்த விகடன்' முதலிய இதழ்கள் இதனைப் பரிசுப் போட்டியாக நடத்தின. பரிசு பெருகியபோது குறிப்பின் தன்மை மாறிற்று. சான்றுக்கு நாமே ஒன்று அமைக்கிறோம்: 'ஆசிரியரிடம் மாணவன் எதிர்பார்ப்பது', கட்டத்தில் 'பா', அடுத்து ஒரு வெற்றிடம், அடுத்து 'ம்'. பாடமா, பாசமா? இரண்டும் பொருந்தும். எது சரி என்பது முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும். இங்கே தமிழறிவு பாதி வழி வரும். மீதி வழி குருட்டு நம்பிக்கை. இந்தியாவில் 1955ஆம் ஆண்டின் பரிசுப் போட்டிகள் சட்டம், மாதம் ஒன்றுக்கு மொத்தப் பரிசு ஆயிரம் ரூபாயைக் கடக்கலாகாது என்றும், ஒரு போட்டிக்கு இரண்டாயிரம் விடைத்தாள்களுக்கு மேல் ஏற்கலாகாது என்றும் வரம்பு கட்டியது. பெங்களூரிலிருந்து வெளிவந்த வார இதழ் ஒன்றின் குறுக்கெழுத்துப் போட்டி தொடர்பாக, சமர்பாக்வாலா வழக்கில் 1957இல் தீர்ப்பளித்த இந்திய உச்ச நீதிமன்றம், வெற்றி கணிசமான அளவு திறமையைச் சாராத போட்டி சூதே என்றது.

நீதிமன்றம் கேட்ட கேள்வி மொழியியலாரும் கேட்கவேண்டிய கேள்வி. விடை சரியென்பதற்குச் சான்று எங்கே இருக்கிறது? உறைக்குள் இருந்தால் அது சூது. குறிப்புக்குள்ளேயே இருந்தால் அது புலமை. சொல்விளையாட்டுக் குறிப்பில், விடையைக் கண்டவன் அடுத்த வாரத்து இதழுக்குக் காத்திருக்கவேண்டியதில்லை. தான் கண்டது சரியென்று அப்போதே அறிவான். அந்த உறுதியை அவனுக்கு அளிப்பது இலக்கணம். ஆகவே தமிழ்ப் புதிர் தமிழிலக்கணத்தால் அமையவேண்டும்; ஆங்கிலப் புதிரின் வழிமுறைகளை அப்படியே ஏற்றி அமைத்தால் சான்று கெட்டுவிடும். இன்றைய உரையின் கருத்து இவ்வளவே. எஞ்சியவை சான்றுகள்.

அவ்வழிமுறைகளைக் கடன்வாங்கவேண்டிய தேவை நமக்கு உண்டா? பன்னிரண்டாம் நூற்றாண்டினதாகிய தண்டியலங்காரத்தில் சித்திரகவி வகைகளைப் பாருங்கள். வினாவுத்தரம் என்பது ஒரு சொல்லைப் பல துண்டாக்கி, ஒவ்வொரு துண்டும் ஒரு வினாவுக்கு விடையாகவும், எல்லாம் சேர்ந்தது முடிந்த வினாவுக்கு விடையாகவும் அமைப்பது. 'பல்கலைக்கழகப் பிரிவும் வதனமும் சேரக் கப்பல் ஒதுங்கும் (5)' என்று நாம் எழுதினால், துறையும் முகமும் கூடித் துறைமுகம் ஆகிறது. இது வினாவுத்தரமேயன்றி வேறில்லை. அக்கரச்சுதகம் என்பது எழுத்தை ஒவ்வொன்றாக நீக்க வேறு வேறு சொல் பிறப்பது. 'கவிதை தலையிழந்தால் மண்ணுக்குள் போகும். மறுபடியும் இழந்தால் பொங்கல் வரும்' என்ற குறிப்பில் கவிதை, விதை, தை என்று மூன்று படி இறங்குகிறோம். காதைகரப்பும் கரந்துறைச் செய்யுளும் ஒரு பாட்டுக்குள் மற்றொன்றை ஒளிப்பவை. 'தரிசைத் தோப்பாக்கும் உழவன் ஒளித்த வெற்றிலைத் துணை (3)' என்பதில், 'தோப்பாக்கும்' என்ற சொல்லுக்குள் பாக்கு ஒளிந்திருக்கிறது. மலாய் மொழியில் 'பினாங்' என்பது பாக்கு. நம் தீவுக்குப் பெயர் அதனால் வந்தது. தீவின் பெயர்ப்பொருளை ஓர் உழவன் தோப்புக்குள் ஒளித்துவைத்திருப்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

மாத்திரைச் சுருக்கம் என்பதும் ஒன்று: நெடிலைக் குறிலாக்கினால் வேறு சொல் பிறக்கும். 'பாலம் குறுகினால் வலிமை (3)'. விடை பலம். 1985இல் திறந்த பினாங்குப் பாலத்தின் நீளம் பதின்மூன்றரைக் கிலோமீட்டர். பொறியாளர் எவரும் இக்குறிப்பை மறுக்கமாட்டார். மாத்திரை வேறுபாட்டைக் காதால் உணராத மாணவர் பெருகிவரும் காலத்தில், குறிலும் நெடிலும் பொருளை மாற்றும் என்பதற்கு இதைவிடச் சுருங்கிய பாடம் கிடைப்பது அரிது.

சிலேடையைப் பற்றிக் காளமேகத்தின் மொழிவழி வந்த நமக்கு விரித்துரைக்கவேண்டியதில்லை. 'படர்வதும் பறப்பதும் (2)' என்றால் கொடி. மலாயில் 'புக்கிட் பெண்டேரா' என வழங்கும் மலையை நாம் கொடிமலை என்கிறோம். அங்கே இரு கொடிகளும் உண்டு. 'தெரிவு செய், பூசத்துக்கு முதல்நாள் நகர்ந்து வரும் (2)' என்றால் தேர்.

இனி, சற்று நின்று பேசவேண்டிய இடத்துக்கு வருகிறோம். கட்டத்துக்குள் எழுதுவது எதை?

ஆங்கிலத்தாருக்கும் மலாய் மொழியாருக்கும் இக்கேள்வி எழாது. இருபத்தாறு எழுத்துகளுள் ஒன்றை எழுதுவர். தமிழ்க் கட்டத்தில் உயிர் வரலாம், மெய் வரலாம், உயிர்மெய் வரலாம். ஆய்தத்தையும் சேர்த்து 247. இருபத்தாறில் இரு சொற்கள் சந்திப்பதற்கும் 247இல் சந்திப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கட்டம் போட்டுப் பார்த்தவரே அறிவர். இதனோடு மொழிமுதல், மொழியிறுதி வரையறைகளும் சேர்கின்றன. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டு வரிசைகளும் தமிழ்ச்சொல்லின் முதலில் வாரா. மெய் எதுவும் முதலில் வாராது. வல்லின மெய் ஈற்றிலும் வாராது. ஆகவே தைப்பூசத்தின் பகர ஒற்று நிற்கும் கட்டத்தைக் கடந்து செல்லும் சொல், அந்த ஒற்றைத் தன் நடுவில் மட்டுமே கொண்டிருக்க முடியும். அதன் குறுக்கே 'கப்பல்' என்ற சொல்லை நிறுத்தலாம். இரண்டுக்கும் இரண்டாம் எழுத்து 'ப்'.

தமிழ் இதழ்களின் குறுக்கெழுத்தில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பவற்றோடு, வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்ற தலைப்புகளும் வருவதைக் கண்டிருப்பீர்கள். சில எழுத்துகள் 'குழம்பியுள்ளன' என்ற குறிப்பும் வரும். இதனை அமைப்பவரின் சோம்பல் என்று சிலர் நகைப்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. மகர ஒற்றில் முடியும் பெயர்கள் நிறைந்த மொழியில், முடிவிலுள்ள 'ம்' வேறொரு சொல்லின் தொடக்கமாக இயலாது. அதனை முடிவாகவே கொண்ட மற்றொரு சொல்லைத் திருப்பி நிறுத்தினால் கட்டம் அமைந்துவிடும். துறைமுகத்தின் ஈற்றில் பாலத்தைக் கீழிருந்து மேலாகவோ மேலிருந்து கீழாகவோ நிறுத்திப் பாருங்கள். கட்டத்தின் மூலைக்கேற்ப எது வேண்டுமோ அது அமையும். நான்கு திசைகளும் தமிழெழுத்தின் இயல்பு கேட்டு வாங்கிய சலுகை என்பது நம் கணிப்பு. ஆயினும் எழுத்துக் குழப்பத்துக்கு அதே தாராளம் காட்ட நமக்கு மனமில்லை. ஆங்கிலத்தில் குழப்பிய எழுத்துகளே மற்றொரு நல்ல சொல்லாகிவிடும். தமிழில் 'கம்முதுறை' என்பதுபோல் ஒன்றுக்கும் உதவாத குவியலே பெரும்பாலும் மிஞ்சும்.

எழுத்துக்குக் கீழேயும் தமிழ் விளையாடும். 'பசு தருவதும் அழகும் புணர்ந்து கரைகளை இணைக்கும் (3)'. பசு தருவது பால். 'அம்' என்பது அழகைக் குறிக்கும் பழஞ்சொல். பால், அம் இரண்டும் புணரப் பாலம். ஈற்று லகரத்தின்மேல் அகரம் ஏறி இயல்பாக முடிந்தது. 'கல்லும் அழகும் புணர்ந்தால் கப்பல்' என்று ஒருவர் எழுதிக் 'கலம்' என்று விடை தந்தால் அக்குறிப்பு செல்லாது. தனிக்குற்றெழுத்தை அடுத்த ஒற்று, உயிர் வரும்போது இரட்டிக்கும். 'கல்லம்' என்றே ஆகும். 'பா'வில் நெடில் இருப்பதால் இரட்டிப்பு இல்லை. நன்னூலில் இவ்விதியைப் படித்தபோது சலித்த மாணவன், கட்டம் ஒன்று குறைகிறதே என்று தேடும்போது அதனைத் தானே கண்டுபிடிக்கிறான். 'சேர்ந்து' என்று குறிப்பில் வந்தால் எழுத்துகளை அருகருகே வைக்கவேண்டும், 'புணர்ந்து' என்று வந்தால் புணர்ச்சி விதி நடக்கவேண்டும் என்று நாம் வேறுபடுத்திக்கொள்வது நல்லது.

இலக்கணத்துக்கு மாறான குறிப்புக்கும் ஒரு சான்று தருவோம். பாக்கு என்பதற்குச் 'செய்யுளோடு நான்காம் வேற்றுமை (3)' என்று சிலர் எழுதக்கூடும். பா, க்கு. எழுத்துக் கணக்கு சரி. ஆனால் பா என்னும் சொல் நான்காம் வேற்றுமை ஏற்றால் பாவுக்கு அல்லது பாவிற்கு என்றே வரும். கணக்கு சரியாக வந்தும் தமிழ் தவறுகிறது. இத்தகையவற்றைத் திறமை என்று பாராட்டலாகாது.

கணினியும் இங்கே ஓர் இடர் செய்கிறது. ஒருங்குறியில் 'து' என்ற ஓரெழுத்து, தகரமும் உகரக் குறியும் என இரு குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. துறைமுகம் நமக்கு ஐந்தெழுத்து. கணினியின் எண்ணிக்கையில் ஒன்பது. ஆங்கிலத்துக்காக எழுதிய குறுக்கெழுத்துச் செயலியில் தமிழை இட்டால் உயிர்க்குறிகள் தனிக் கட்டத்தில் அனாதையாக நிற்பதைக் காணலாம். செயலி தேடும் ஆசிரியர்கள் முதலில் 'தை' என்று தட்டிப் பாருங்கள்; ஒரு கட்டத்தில் அடங்கினால் மேலே செல்லலாம்.

ஒலியொப்புமைக் குறிப்புகளைப் பற்றி ஒரு சொல். 'காதில் விழுந்தது' என்ற சாக்கில், ஒலியால் ஒத்த சொல்லை விடையாகக் கொள்வது ஆங்கிலப் புதிரில் பெருவழக்கு. வலி, வளி, வழி மூன்றும் நம் மாணவர் பலர் வாயில் ஒன்றாகிவிட்ட நிலையில், அவை ஒலியால் ஒன்றே என்று அச்சிலும் ஏற்றுக்கொள்ளும் குறிப்பை நாம் எழுதமாட்டோம். ஆங்கிலத்தில் அது விளையாட்டு. இங்கே பிழைக்கு வழங்கும் சான்றிதழ். இதில் நம்மோடு மாறுபடுவோர் உண்டு. அத்தகைய குறிப்பே வேறுபாட்டை நினைவூட்டும் என்பது அவர்கள் வாதம். குறுக்கே செல்லும் சொல் ழகரத்தையோ ளகரத்தையோ உறுதி செய்யுமானால் அவ்வாதத்துக்கு ஓரளவு இடம் தரலாம்.

இறுதியாக, யாருடைய சொற்கள் கட்டத்துக்குள் வரலாம் என்ற கேள்வி. கப்பலுக்கு நாம் முதலில் எழுதிய குறிப்பு 'தேநீர்க் கோப்பை, அடுத்துக் கடிப்பது: கடல் கடக்கும் (4)'. கப், பல். கேட்டவுடன் சிரிப்பு வரும். ஆனால் 'கப்' வல்லின ஒற்றில் முடிகிறது. தமிழ்ச்சொல் அன்று என்பதற்கு அதுவே அடையாளம். ஆயினும் வீட்டிலும் கடையிலும் வழங்கும் சொல்லாதலின் அதனை ஏற்றோம். அவ்வாறாயின், மலேசியத் தமிழர் வாயில் நூறாண்டுக்கு மேலாக வழங்கும் சடக்கு, கித்தா, கம்பம் என்பவற்றை எந்த நியாயத்தால் விலக்குவது? பினாங்கைப் பொருளாகக் கொண்டு புதிர் அமைக்கும் ஒருவர், சென்னை அகராதியில் மட்டும் தேடினால் பாதித் தீவு விடுபட்டுப்போகும். 'கொடியேறும் தூண், மலாய்க்காரர் வாழும் சிற்றூர் (4)' என்ற குறிப்புக்கு விடை கம்பம். மலாய்க் 'கம்போங்' நம் நாவில் கம்பமாகி, பழைய தமிழ்ச் சொல்லோடு ஒன்றிப்போயிற்று. தேனி மாவட்டத்துக் கம்பத்தில் பிறந்த ஒருவருக்கும் இக்குறிப்பு விளங்காது. இச்சிலேடை மலேசியத் தமிழுக்கே உரிய செல்வம்.

காவடியும் அப்படிப்பட்டதே. 'சோலை, அடுத்துக் கஞ்சியைப் பிரி: முருகனுக்காகத் தோளில் ஏறும் (3)'. கா என்பது சோலை. சோற்றை 'வடி' என்கிறோம். இங்கே 'கா' வெறும் ஒட்டுத்துண்டு அன்று. பழந்தமிழில் சுமைதூக்கும் தோள்தண்டுக்கே கா என்று பெயர். காவுதல் என்றால் தோளிற் சுமத்தல். மலாயில் 'கண்டார்' என்பதும் தோள்தண்டில் சுமப்பதையே குறிக்கும். இந்நகரத் தெருக்களில் தமிழ் முஸ்லிம் வணிகர் ஒருகாலத்தில் தண்டின் இருபுறமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டு விற்றதால்தான் 'நாசி கண்டார்' என்ற பெயர் வந்தது. தண்ணீர்மலையேறும் பத்தரும் சோறு விற்ற வணிகரும் ஒரே தண்டைத்தான் தோளில் வைத்தனர். ஒரு மூன்றெழுத்துக் கட்டம் இவ்வளவையும் தாங்குகிறது.

1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் வயதை எண்ணுகிறோம். 1924இல் தோன்றிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோனதையும் கண்டோம். ஒரு நாளிதழ் நிற்கும்போது செய்தி வேறு வழியில் வந்துவிடும். வாசகன் பென்சிலைக் கையிலெடுத்து எழுத்தெழுத்தாகத் தமிழை எண்ணிய பக்கம் அவ்வாறு வருவதில்லை. அப்பக்கத்தைப் பள்ளிகள் எடுத்து நடத்தலாம் என்பதே ஆசிரியர்களுக்கு நம் வேண்டுகோள். பெரிய கட்டம் தேவையில்லை. ஐந்துக்கு ஐந்து போதும். ஊரிலிருந்து ஏழெட்டுச் சொற்களை மாணவரே திரட்டட்டும். குறிப்பையும் அவர்களே எழுதட்டும்; விடை காண்பதினும் குறிப்பு எழுதுவதில்தான் இலக்கணம் மிகுதியாகச் செலவாகும். எழுதிய குறிப்பை மற்றொரு மாணவன் எழுந்து, 'இது செல்லாது, இங்கே ஒற்று இரட்டிக்கும்' என்று மறுக்கட்டும். மறுப்பவனுக்கே கூடுதல் மதிப்பெண் தருமாறு பரிந்துரைக்கிறோம்.

இங்கு வந்துள்ள மாணவர்களுக்காக ஒரு குறிப்பை விடையின்றி விட்டுச் செல்கிறோம். கட்டம் இரண்டே. 'தீர்வு நடுவிழந்தால் நான்கு பக்கமும் நீர் (2)'.